தகட்டில் ஒரு பெட்டி செய்வோம்

கிணற்று மேட்டிலும் வயல் வரப்பிலும் மின்மோட்டாரை இயக்கும் கருவிகளை உள்ளடக்கிய இரும்புப் பெட்டியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான்கு பக்கம், ஒரு முதுகு, முன்னால் ஒரு கதவு, அவ்வளவுதான். இதில் என்ன பெரிய தொழில்நுட்பம் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மழைக்காலத்தில் ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று அந்தப் பெட்டியைத் தொடுகிறவர் ஒரு விவசாயி. கம்பி நுழையும் துளையின் ஓரத்தில் ஒரு சிறு இரும்புப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் போதும். மோட்டார் ஓடும்போதெல்லாம் பெட்டி அதிரும். அதிர அதிர, பிசிறு கம்பியின் மேலுறையைச் சிறுகச் சிறுக அறுக்கும். ஒரு நாள் செம்புக் கம்பி இரும்பைத் தொடும். பிறகு அது பெட்டியல்ல, மின்சாரப் பொறி.

தகட்டு வேலையில் நேரும் தவறுகளில் பல, பட்டறையில் நேர்வதில்லை; வரைபடப் பலகையிலேயே நேர்ந்துவிடுகின்றன. தாளில் எந்த வடிவத்தையும் வரைந்துவிடலாம். தகடு எல்லாவற்றுக்கும் இணங்காது. மடித்தால் ஓரளவுக்கு மேல் விரியும், விரிந்தால் வெடிக்கும், விட்டால் சற்றே நிமிரும். இந்தக் குணங்களை அறிந்து வரைந்தால் வேலை எளிதாகும், செலவு குறையும், பொருளும் பாதுகாப்பாக அமையும். மேலே சொன்ன பெட்டியையே எடுத்துக்கொண்டு, அதை வடிவமைக்கும்போது கவனிக்க வேண்டிய விதிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

தகட்டைத் தேர்ந்தெடுத்தல்

நம் பெட்டி 300 மி.மீ. உயரம், 200 மி.மீ. அகலம், 120 மி.மீ. ஆழம் உடையது என்று கொள்வோம். மென் எஃகுத் தகட்டில் செய்கிறோம். எவ்வளவு தடிமன் வேண்டும்?

கடைகளில் தகட்டை இன்றும் கேஜ் எண்ணால் கேட்பவர் உண்டு. இதில் இரண்டு குழப்பங்கள் உள்ளன. முதலாவது, எண் கூடக் கூடத் தடிமன் குறையும். 16 கேஜ் தகட்டைவிட 20 கேஜ் தகடு மெல்லியது. இரண்டாவது, எல்லா நாட்டுக் கேஜும் ஒன்றல்ல. பிரிட்டிஷ் அளவுமுறையில் 16 கேஜ் என்பது ஏறத்தாழ 1.63 மி.மீ. அமெரிக்க எஃகுத் தகட்டு அளவுமுறையில் அதே 16 கேஜ் 1.52 மி.மீ. தான். ஆகவே வரைபடத்தில் தடிமனை மில்லிமீட்டரிலேயே எழுதிவிடுவது முதல் விதி.

இரண்டாவது விதி, சந்தையில் எளிதில் கிடைக்கும் தடிமனையே தேர்ந்தெடுப்பது. ஒரே பொருளின் எல்லாப் பகுதிகளுக்கும் முடிந்தவரை ஒரே தடிமனை வைத்துக்கொள்வது. பெட்டிக்கு ஒன்று, கதவுக்கு வேறொன்று, உள்ளே உள்ள தாங்கிக்கு இன்னொன்று என்று வைத்தால், பட்டறைக்காரர் மூன்று தகடுகளை வாங்கி, மூன்றின் மீதத்தையும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நாம் 1.6 மி.மீ. தகட்டைத் தேர்ந்தெடுப்போம். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். எனவே 1 மி.மீ. தடிமனுள்ள 1 சதுர மீட்டர் தகடு 7.85 கிலோ எடையிருக்கும். 1.6 மி.மீ. தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 12.6 கிலோ. தகட்டு வேலையில் மூலப்பொருளின் விலையே பெரும்பகுதி என்பதால், இந்தக் கணக்கை எப்போதும் மனத்தில் வைத்திருப்பது நல்லது.

மடிக்கும்போது என்ன நடக்கிறது?

ஒரு தடித்த ரப்பர்த் துண்டை எடுத்து அதன் பக்கவாட்டில் சம இடைவெளியில் கோடுகள் வரைந்து வளைத்துப் பாருங்கள். வெளிப்புறத்தில் கோடுகள் விலகும், உட்புறத்தில் நெருங்கும். நடுவே ஓரிடத்தில் மட்டும் இடைவெளி மாறாமல் இருக்கும். உலோகத் தகட்டிலும் இதுவே நிகழ்கிறது. வெளிமுகம் இழுபடுகிறது, உள்முகம் அமுக்கப்படுகிறது, இடையில் நீளம் மாறாத ஒரு தளம் உள்ளது. அதை நடுநிலைத் தளம் என்பர்.

மடிப்பின் உட்புற வளைவின் ஆரத்தை மடிப்பு ஆரம் என்போம். இது சிறிதாகச் சிறிதாக, வெளிமுகம் மேலும் மேலும் இழுபட வேண்டும். மடிப்பு ஆரம் தகட்டின் தடிமனுக்குச் சமமானால் வெளிமுகம் ஏறத்தாழ 33 விழுக்காடு நீள்கிறது. ஆரம் தடிமனைப்போல் இரு மடங்கானால் 20 விழுக்காடுதான். ஆரம் தடிமனில் பாதியானால் 50 விழுக்காடு!

மென் எஃகு நன்றாக நீளும் குணமுடையது. ஆகவே தடிமனுக்குச் சமமான ஆரத்தில் அதை அச்சமின்றி மடிக்கலாம். வலிமையூட்டப்பட்ட அலுமினியக் கலவைகள் அப்படியல்ல. அவற்றில் சிலவற்றை அதே ஆரத்தில் மடித்தால் முதுகில் வெடிப்பு ஓடிவிடும். தடிமனைப்போல் மூன்று, நான்கு மடங்கு ஆரம் தேவைப்படும். ‘வலிமையான தகடு போடுவோம்’ என்று எண்ணிப் பொருளை மாற்றுகிறவர், ஆரத்தையும் மாற்ற வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார். வலிமை கூடும்போது நீளும் தன்மை பெரும்பாலும் குறையும்.

தகட்டுக்கும் மரத்தைப்போல் ஒரு வரி உண்டு. உருளைகளுக்கிடையே உருட்டித் தகடாக்கும்போது உலோகத்தின் மணிகளும், அதிலுள்ள மாசுகளும் உருட்டிய திசையில் நீண்டுவிடுகின்றன. மடிப்புக் கோடு இந்தத் திசைக்குக் குறுக்காக அமைந்தால் தகடு தாங்கும். அதே திசையில் இணையாக அமைந்தால், விறகு வரிவழியே பிளப்பதுபோல் வெடிக்க வாய்ப்பு அதிகம். இரண்டு செங்குத்தான திசைகளிலும் மடிப்பு வேண்டுமானால், கடினமான தகடுகளில் துண்டைச் சாய்வாக, 45 பாகையில் வைத்து வெட்டுவார்கள். மென் எஃகில் இது பெரிய சிக்கலல்ல. கடினத் தகடுகளில் மறக்கவே கூடாது.

விரித்த நீளம் எவ்வளவு?

இப்போது பெட்டியின் முதுகையும் இரு பக்கங்களையும் ஒரே துண்டாக மடிக்கப்போகிறோம். வெளி அளவுகள் 120, 200, 120 மி.மீ. அப்படியானால் 440 மி.மீ. நீளத்துக்குத் தகடு வெட்டினால் போதுமா? புதிதாக வரைபவர் பெரும்பாலும் செய்யும் தவறு இதுதான்.

மடிப்பின் மூலையில் தகடு சதுரமாகத் திரும்புவதில்லை, வளைந்து திரும்புகிறது. மூலை வழியாகச் சுற்றிப் போவதைவிடக் குறுக்கே வளைந்து போவது குறைந்த தூரம். ஆகவே தேவைப்படும் தகடும் குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பதை நடுநிலைத் தளத்தைக் கொண்டு கணக்கிடலாம்.

நம் மடிப்பு ஆரம் 2 மி.மீ. என்க. நடுநிலைத் தளம் தடிமனின் சரிபாதியில் இருப்பதில்லை. இறுக்கமான மடிப்புகளில் சற்று உட்புறமாக நகர்கிறது. உள்முகத்திலிருந்து தடிமனில் 0.42 பங்கு தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். அதன் ஆரம் 2 + 0.42 × 1.6 = 2.67 மி.மீ. 90 பாகை மடிப்பு என்பது கால் வட்டம். ஆகவே 1.571 × 2.67 = 4.2 மி.மீ. இதுவே ஒரு மடிப்புக்குச் செலவாகும் தகடு.

இனி நேரான பகுதிகள். வளைவு, ஒவ்வொரு மடிப்பிலும் இரு புறத்திலும் ஆரமும் தடிமனும் சேர்ந்த 3.6 மி.மீட்டரை எடுத்துக்கொள்கிறது. பக்கங்கள் 116.4 வீதம் இரண்டு, முதுகு 192.8. மொத்தம் 425.6. இத்துடன் இரு மடிப்புகளுக்கு 8.4 சேர்த்தால் 434 மி.மீ. ஆக, 440 அல்ல, 434. ஒரு மடிப்புக்கு 3 மி.மீ. வீதம் கழிக்க வேண்டியிருக்கிறது.

6 மி.மீ. தானே என்று எண்ண வேண்டாம். முன்புறத்தில் கதவு படிவதற்காக இரு பக்கமும் உள்நோக்கி மேலும் ஒரு மடிப்பு வைத்தால், நான்கு மடிப்புகளில் 12 மி.மீ. பிழையாகும். கதவு பொருந்தாது. பொருந்தாத கதவின் இடுக்கில் மழைநீர் புகும்.

அந்த 0.42 என்ற எண் எல்லாத் தகட்டுக்கும் பொது அல்ல. உலோகத்தையும், ஆரத்தையும், டையையும் பொறுத்து ஏறத்தாழ 0.33 முதல் 0.5 வரை மாறும். எனவே நல்ல பட்டறைகளில் முதலில் ஒரு துண்டை அளந்து, மடித்து, மீண்டும் அளந்து தங்கள் எண்ணைக் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். வரைபவர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது அறிவுடைமை.

கை விட்டதும் நிமிரும் தகடு

தகட்டை 90 பாகைக்கு மடித்துப் பிரஸ்ஸை மேலே தூக்கினால், அது ஓரிரு பாகை விரிந்துகொள்ளும். உலோகத்தின் மீள்திறனே இதற்குக் காரணம். ஆகவே சற்று அதிகமாகவே மடித்து விடுகிறார்கள். நிமிர்ந்த பின் கோணம் சரியாக வந்து நிற்கிறது.

எந்தத் தகடு அதிகம் நிமிரும்? நெகிழ்ந்து விட்டுக்கொடுக்கும் எல்லை உயர்ந்ததும், மீள்திறன் குணகம் தாழ்ந்ததுமான தகடு. எஃகின் மீள்திறன் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,00,000 நியூட்டன். அலுமினியத்துக்கு 70,000 தான். எனவே அதே வலிமையுள்ள எஃகைவிட அலுமினியத் தகடு அதிகம் நிமிரும். எவர்சில்வர் தகடும் மென் எஃகைவிட அதிகம் நிமிரும். மடிப்பு ஆரம் பெரிதானால் நிமிர்வும் பெரிதாகும்.

வரைபவருக்கு இதில் பாடம் என்ன? கோணத்தில் தேவையற்ற துல்லியம் கேட்கக் கூடாது என்பதே. 90 பாகை என்று எழுதி அதற்கு ஒரு பாகை கூடவோ குறையவோ இடம் கொடுத்தால் வேலை ஓடும். பாகையில் பத்தில் ஒரு பங்கு வேண்டும் என்று எழுதினால் ஒவ்வொரு துண்டையும் அளந்து, தட்டி, திருத்த வேண்டும். அந்தக் கூலியை யாராவது கொடுத்தாக வேண்டும்.

டை மேல் நிற்க இடம் வேண்டும்

தகட்டை மடிக்கும் பிரஸ் பிரேக் இயந்திரத்தில், கீழே ‘வி’ வடிவப் பள்ளமுள்ள டை, மேலே பஞ்ச். தகடு பள்ளத்தின் இரு கரைகளிலும் படிந்திருக்க, பஞ்ச் நடுவில் அழுத்துகிறது. பள்ளத்தின் அகலம் வழக்கமாகத் தடிமனைப்போல் 8 மடங்கு. நம் 1.6 மி.மீ. தகட்டுக்கு 12 மி.மீ. டை பொருந்தும்.

இப்போது 5 மி.மீ. அகலத்தில் ஒரு கரை மடிக்க வேண்டும் என்று வரைந்தால் என்ன ஆகும்? தகட்டின் ஓரம் பள்ளத்தின் கரையை எட்டாது; உள்ளே வழுக்கி விழும். பள்ளத்தின் அகலத்தில் 0.7 பங்காவது கரை அமைய வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. 12 மி.மீ. டைக்கு அது 8.4, நாம் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

மடிக்கும் வரிசையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் உயர்ந்து, மேலே உள்நோக்கியும் திரும்பிய பெட்டியில் கடைசி மடிப்பைப் போடும்போது, முன்பே மடித்த பக்கம் பஞ்சில் இடிக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. தபால் அட்டையை வெட்டி, அளவைச் சுருக்கி, ஒவ்வொரு மடிப்பாக மடித்துப் பாருங்கள். எந்த மடிப்பு எந்தக் கையை மறிக்கிறது என்பது உடனே புலப்படும்.

இன்னொன்று: இரண்டு மடிப்புகள் சந்திக்கும் மூலையில், அல்லது தகட்டின் ஓரத்தில் ஒரு பகுதி மட்டும் மடியுமிடத்தில், தகடு கிழிந்து பிதுங்கும். மடியும் பகுதியும் மடியாத பகுதியும் ஒன்றையொன்று இழுப்பதே இதற்குக் காரணம். அங்கே முன்கூட்டியே ஒரு சிறு வெட்டு கொடுத்துவிட வேண்டும். அதன் அகலம் தடிமனுக்குக் குறையாமலும், ஆழம் மடிப்பு ஆரமும் தடிமனும் சேர்ந்த அளவுக்குக் குறையாமலும் இருக்கட்டும். தையற்காரர் சட்டையின் கழுத்து வளைவில் கத்தரியால் சிறு வெட்டுகள் கொடுப்பது எதற்கோ, அதற்கேதான் இதுவும்.

துளைகளும் பிசிறும்

பெட்டியில் கம்பி நுழைய 20 மி.மீ. துளை ஒன்று வேண்டும். பஞ்ச் கொண்டு துளையிடும்போது, துளையின் சுற்றளவு முழுவதும் தகடு வெட்டுண்கிறது. மென் எஃகின் வெட்டுவலிமையைச் சதுர மில்லிமீட்டருக்கு 300 நியூட்டன் என்று கொண்டால், தேவையான விசை 3.14 × 20 × 1.6 × 300. அதாவது ஏறத்தாழ 30,000 நியூட்டன். 3 டன் எடை ஏறி அமர்வதற்குச் சமம்.

பெரிய துளைக்குப் பெரிய விசை தேவை என்பது எளிதில் விளங்கும். ஆனால் பஞ்சை உடைப்பது சிறிய துளைதான்! காரணம் பின்வருமாறு: துளையின் விட்டம் பாதியானால் விசையும் பாதியாகிறது, ஆனால் பஞ்சின் குறுக்குப் பரப்போ கால் பங்காகிறது. ஆகவே பஞ்ச் தாங்க வேண்டிய தகைவு இரட்டிக்கிறது. துளையின் விட்டம் தடிமனுக்குச் சமமானால் அத்தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 1,200 நியூட்டன். விட்டம் தடிமனில் பாதியானால் 2,400. கடினப்படுத்திய எஃகுப் பஞ்சுக்கும் இது ஆபத்தான அளவு. ஆகவேதான், பஞ்ச் கொண்டு இடும் துளையின் விட்டம் தகட்டின் தடிமனைவிடக் குறையக் கூடாது என்ற விதி பிறந்தது. எவர்சில்வருக்கு இன்னும் பெரிதாக வைக்க வேண்டும். லேசர் கதிரால் வெட்டும் இயந்திரத்தில் பஞ்ச் இல்லாததால், இந்த எல்லை அவ்வளவு இறுக்கமாக இல்லை.

துளைக்கும் துளைக்கும் இடையிலும், துளைக்கும் தகட்டின் ஓரத்துக்கும் இடையிலும் தடிமனைப்போல் இரு மடங்காவது இடம் விடுங்கள். இல்லையேல் நடுவில் உள்ள மெல்லிய பகுதி பிதுங்கும். மடிப்புக்கு அருகில் உள்ள துளைக்கு இன்னும் அதிக இடம் தேவை. மடிக்கும்போது அந்தப் பகுதி இழுபடுவதால் வட்டத்துளை முட்டை வடிவாகிவிடும். துளையின் ஓரம் மடிப்பிலிருந்து, தடிமனைப்போல் இரண்டரை மடங்கும் மடிப்பு ஆரமும் சேர்ந்த தொலைவில் இருந்தால் கவலையில்லை. நம் பெட்டிக்கு அது 6 மி.மீ. நீண்ட துளையானால் இன்னும் தள்ளி வைக்க வேண்டும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன பிசிறு. பஞ்சுக்கும் டைத் துளைக்கும் இடையே ஒவ்வொரு புறமும் தடிமனில் 5 முதல் 10 விழுக்காடு இடைவெளி விடுவார்கள். தகடு பாதி வெட்டுண்டு, பிறகு முறிந்து பிரிகிறது. முறியும் பக்கத்தில், அதாவது பஞ்ச் வெளியேறும் பக்கத்தில், பிசிறு எழும். பஞ்ச் மழுங்கினாலும் இடைவெளி மிகுந்தாலும் பிசிறு பெருகும். பிசிறே இல்லாமல் வெட்டுவது அரிது. ஆகவே வரைபவர் செய்ய வேண்டியவை மூன்று.

பிசிறு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று வரைபடத்தில் குறிப்பது முதலாவது. மடிக்கப்படும் ஓரத்தில் பிசிறு உட்புறமாக இருக்கட்டும். வெளிப்புறம் இருந்தால், அங்கே தகடு இழுபடுவதால் பிசிறின் நுனியிலிருந்தே வெடிப்பு தொடங்கும். பிசிறை அரத்தால் நீக்க வேண்டிய ஓரங்களைத் தெளிவாக எழுதுவது இரண்டாவது. கம்பி நுழையும் துளைக்கு ரப்பர் வளையமோ கம்பியை இறுக்கிப் பிடிக்கும் திருகு மூடியோ பொருந்துமாறு துளையின் அளவை அமைப்பது மூன்றாவது. முதல் இரண்டும் தவறினாலும் மூன்றாவது ஓர் உயிரைக் காக்கும்.

மூலைகளின் ஆபத்து

சதுரமான திறப்பின் கூர்மூலையில் விசை குவியும். இழுவிசைக்கு உட்பட்ட அகன்ற தகட்டில் வட்டத் துளை இருந்தால்கூட, துளையின் ஓரத்தில் தகைவு மும்மடங்காகிறது. கூர்மூலையில் அது மேலும் ஏறும். மீண்டும் மீண்டும் விசை ஏறி இறங்கும் தகட்டில், அந்த இடத்திலிருந்துதான் களைப்பு வெடிப்பு பிறக்கும்.

இதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. பிரிட்டனில் உருவான காமெட் என்னும் ஜெட் பயணிகள் விமானங்களில் இரண்டு, 1954ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஏப்ரலிலும் இத்தாலியை ஒட்டிய கடற்பகுதியில் நடுவானிலேயே சிதறின. இரண்டிலுமாக 56 பேர் மாண்டனர். ஃபார்ன்பரோவில் ஆய்வாளர்கள் முழு விமான உடலொன்றை நீர்த்தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது ஏற்படுவதுபோல் உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினர். மெல்லிய அலுமினியத் தகட்டில், திறப்பு ஒன்றின் மூலையருகே வெடிப்பு தோன்றி உடல் கிழிந்தது. கடலிலிருந்து எடுத்த சிதைவும் அதையே காட்டியது: கூரையில் இருந்த திறப்பின் மூலையருகே தொடங்கிய களைப்பு வெடிப்பு. அங்கே தகைவு, வடிவமைத்தவர்கள் எண்ணியதைவிட மிகுந்திருந்தது.

நம் பெட்டி வானில் பறக்கப்போவதில்லை. ஆனால் மோட்டார் ஓடும்போதெல்லாம் அதிரும் தகட்டுக்கும் களைப்பு உண்டு. எனவே எல்லாத் திறப்புகளுக்கும், வெட்டுகளின் உள்மூலைகளுக்கும் உருண்டை கொடுங்கள். செலவு ஒன்றுமில்லை.

தடிமனைக் கூட்டாமல் விறைப்பைக் கூட்டுதல்

கதவு தட்டையாக இருந்தால் விரலால் அழுத்தும்போது ‘டப்’ என்று உள்ளே போய் வெளியே வரும். காலி எண்ணெய் டின்னில் இந்த ஓசையை எல்லோரும் கேட்டிருப்போம். உடனே, தடித்த தகடு போடுவோம் என்று தோன்றும். அது செலவான வழி.

100 மி.மீ. அகலமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு பட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் இரு நீண்ட ஓரங்களையும் 10 மி.மீ. உயரத்துக்கு மடித்துவிட்டால், அதன் விறைப்பு ஏறத்தாழ 60 மடங்காகிறது! கூடிய எடை 18 விழுக்காடு மட்டுமே. மடிக்காமல் இதே விறைப்பு வேண்டுமானால், ஏறத்தாழ 4 மி.மீ. தடிமன் வேண்டும், எடையும் விலையும் நான்கு மடங்கு. தட்டைத் தகட்டின் விறைப்பு தடிமனின் முப்படியாக உயர்வது உண்மைதான். ஆனால் உலோகத்தை நடுத்தளத்திலிருந்து விலக்கி வைப்பது அதையும் மிஞ்சிய பலன் தருகிறது.

லண்டனைச் சேர்ந்த ஹென்றி ராபின்சன் பால்மர் 1829ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற நெளிதகட்டின் இரகசியம் இதுவே. இன்றும் கூரைகளில் அதைக் காண்கிறோம். 1930களில் ஜெர்மனியில் உருவான 20 லிட்டர் எரிபொருள் கேனின் பக்கங்களில் குறுக்குக் கோடுகள்போல் அழுத்தப்பட்ட வரிகளும் இதே வேலையைச் செய்கின்றன. நம் பெட்டியின் கதவுக்கு நான்கு ஓரங்களிலும் மடிப்பு, நடுவில் ஒன்றிரண்டு புடைப்பு வரிகள் இருந்தால் போதும். ‘டப்’ ஓசை போய்விடும்.

தொடும் இடங்களில் ஓரத்தை முழுவதுமாகத் திருப்பி மடித்துவிடுவதும் உண்டு. இந்த ஓர மடிப்பு கையை வெட்டாது, விறைப்பும் தரும். தகரப் பெட்டிகளிலும் வாளிகளிலும் இதைப் பார்க்கலாம். ஆனால் மடிப்பின் இடுக்கில் நீர் தங்கினால் உள்ளிருந்து துரு அரிக்கும். வெளியில் நிற்கும் பெட்டியில் அந்த மடிப்பு கீழ்நோக்கித் திறந்திருக்கட்டும்.

இணைப்பு, துரு, நிலத்தொடர்பு

பாகங்களை இணைக்கும் வழிகளில் புள்ளிப் பற்றவைப்பு விரைவானது. அதற்கு மின்முனைகள் இரு பக்கமும் நுழைய இடம் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படியும் கரை போதிய அகலம் கொண்டிருக்க வேண்டும். தொடர் பற்றவைப்பில் சூடு மிகுந்து மெல்லிய தகடு கோணிக்கொள்ளும். ஆகவே மடித்து முடிக்கக்கூடிய இடத்தில் பற்றவைப்பைக் கேட்காதீர்கள்.

துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைப்பதில் இன்னொரு கேடு உண்டு. துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகும். எஃகு உருகச் சுமார் 1,500 பாகை வேண்டும். ஆகவே பற்றவைக்கும்போது பூச்சு புகையாக எழுகிறது. அதை உள்ளிழுக்கும் தொழிலாளிக்கு அன்று மாலையோ இரவோ குளிரும் காய்ச்சலும் வரும். அத்துடன் அந்த இடத்தில் துருக்காப்பும் போய்விடும். முதலில் பற்றவைத்துப் பிறகு பூசுவது, அல்லது பூசிய தகட்டை ரிவெட்டால் இணைப்பது நல்லது. பூச்சுத் தொட்டியில் முழுக்கும் பெட்டிக்கு அடி மூலைகளில் சிறு வடிதுளைகள் வையுங்கள். இல்லையேல் உள்ளே தேங்கிய திரவம் பிறகு கசிந்து பூச்சைக் கெடுக்கும்.

கம்பிகள் நுழையும் துளைகள் எல்லாம் அடிப்பக்கத்திலேயே இருக்கட்டும்; மேலிருந்து கம்பி வந்தால் அதன் வழியே மழைநீரும் வரும். மேல்தகடு கதவுக்கு முன் சற்று நீண்டு, கீழ்நோக்கி மடிந்திருந்தால் நீர் சொட்டி விழும். நிலத்தொடர்புக் கம்பிக்கான திருகு அமையும் இடத்தில் பெயிண்ட் இருக்கக் கூடாது. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. கீல் மட்டும் பிடித்திருக்கும் கதவுக்கும் பெட்டிக்கும் இடையே தனியாக ஒரு செம்புக் கம்பி வேண்டும். இவையும் வரைபடத்தில் எழுதப்பட வேண்டிய விதிகளே.

மீதத்தைக் குறைத்தல்

கடைசியாக, சிக்கனம். 1,220 மி.மீ. அகலமுள்ள தகட்டில் 310 மி.மீ. அகலத் துண்டுகளை வெட்டினால் மூன்று கிடைக்கும், 290 மி.மீ. மிஞ்சும். அகலத்தில் ஏறத்தாழ கால் பங்கு வீண். துண்டை 300 மி.மீ. ஆகச் சுருக்கினால் நான்கு கிடைக்கும். மீதம் 20 மி.மீ. தான். விரித்த அளவைக் கணக்கிட்டதும், அது முழுத் தகட்டில் எத்தனை முறை அடங்கும் என்று பார்த்துவிடுங்கள். 10 மி.மீ. விட்டுக்கொடுப்பதால் பெட்டியின் பயன் குறையாதென்றால், விட்டுக்கொடுப்பதே இலாபம்.

திருகுத் துளைகள் மடிப்புகளைத் தாண்டி ஒன்றோடொன்று பொருந்த வேண்டியிருந்தால், ஒரு பக்கம் வட்டத் துளையும் மறுபக்கம் சற்று நீண்ட துளையும் வையுங்கள். ஒவ்வொரு மடிப்பிலும் சேரும் சிறு பிழையை நீண்ட துளை விழுங்கிக்கொள்ளும். தொழிலாளி சுத்தியலால் தட்டிப் பொருத்த வேண்டிய தேவை இராது.

இத்தனை விதிகளையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலானவை, தகடு இழுபடும், அமுங்கும், நிமிரும், வெட்டுண்டால் பிசிறு விடும் என்ற சில உண்மைகளிலிருந்தே பிறந்தவை. அடுத்த முறை ஓர் இரும்பு அலமாரியையோ, பேருந்தின் இருக்கைப் பக்கத்தையோ, சுவரில் மாட்டிய மின்பெட்டியையோ காணும்போது சற்று நின்று பாருங்கள். மூலையில் ஏன் அந்தச் சிறு வெட்டு, ஓரம் ஏன் திரும்பியிருக்கிறது, கதவில் ஏன் அந்தப் புடைப்பு என்று கேளுங்கள். விடை கிடைத்தால், வடிவமைத்தவர் தகட்டை அறிந்தவர். கை வைத்த இடத்தில் கூர் ஓரம் உறுத்தினால், அவர் வரைபடத்தோடு நின்றுவிட்டவர்.